காலையில் பிள்ளையைக் கிளப்புபவருக்குச் சேதி சேர வேண்டும்: தொடக்கப்பள்ளிக்கு ஏற்ற வழி எது?

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது ஒரு நாள், மாவட்ட ஆட்சியர் மழை விடுமுறை அறிவித்த சேதியைக் காலை ஆறரை மணிக்கெல்லாம் எங்கள் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். வகுப்பறைக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க எட்டு மணிக்குப் பள்ளிப் பக்கம் போனபோது, பூட்டிய கம்பிக் கதவுக்கு முன்னால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கையில் தட்டோடு நின்றிருந்தாள். காலை உணவுக்காக வந்தவள். எங்கள் பதிவில் இருப்பது அவளுடைய அப்பாவின் எண். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுச் சேதியைப் பார்த்திருக்கிறார். பார்த்ததாகக் கைப்பேசியும் காட்டுகிறது. ஆனால் அவளுக்குத் தலை சீவி, பை மாட்டி அனுப்பியவர் அப்பாயி. அப்பாயியிடம் இருப்பது பட்டன் போன். அதுவும் அன்று சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

நான் இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள் கொண்ட ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியின் தலைமை ஆசிரியர். அந்த மழை நாளுக்குப் பிறகு கூடிய பள்ளி மேலாண்மைக் குழுவில், பள்ளிச் சேதியை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்க நமக்கு இருக்கும் வழிகள் என்னென்ன, அவற்றில் எதை எதற்குப் பயன்படுத்துவது என்று உட்கார்ந்து பேசினோம். எங்களைப் போன்ற சிறிய பள்ளிகள் பலவற்றிலும் இதே கேள்வி இருப்பதால், நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்பு சேதிகளைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. பள்ளி தொடங்கும் மணி, விடும் மணி, எந்தக் கிழமை என்ன சாப்பாடு, விடுப்புக்கு யாரிடம் சொல்ல வேண்டும், மாலையில் பிள்ளையை யார் கூட்டிப்போகலாம் என்பன போன்ற வாடிக்கைகள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாமல் இருப்பவை. மழை விடுமுறை, அரை நாள் பள்ளி, மருத்துவக் குழு வருகை, பிப்ரவரி 10-ஆம் தேதியை ஒட்டி வரும் குடற்புழு நீக்க மாத்திரை போன்றவை குறிப்பிட்ட நாளைச் சேர்ந்தவை. அவற்றில் சில முன்கூட்டியே தெரியும், சில விடிந்த பிறகுதான் தெரியும். மூன்றாவது வகை தனிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றியது: இன்று வரவில்லை, மதியத்திலிருந்து உடம்பு சுடுகிறது, இரண்டு வாரமாக எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறான் என்பதெல்லாம் அந்த வீட்டுக்கு மட்டுமே உரியவை. இந்த மூன்றையும் ஒரே குழாயில் விட்டதுதான் எங்கள் பழைய தவறு.

நேரமும் முன்போல் இல்லை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதற்கு முன்பு முதல் மணிக்குச் சற்று முன்னால் வந்துகொண்டிருந்த பிள்ளைகள், இப்போது சூடான உப்புமாவுக்கும் பொங்கலுக்கும் ஆசைப்பட்டு முன்னதாகவே கிளம்பிவிடுகிறார்கள், அது நல்லதற்கே. ஆனால் விடுமுறைச் சேதி வீட்டை எட்ட வேண்டிய கெடுவும் அதே அளவுக்கு முன்னால் நகர்ந்துவிட்டது. எட்டரை மணிக்குப் போய்ச் சேரும் சேதி, நடந்து வரும் பிள்ளைக்குப் பயன்படாது.

முதலில் பழைய வழியான சீட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புவதற்குச் செலவு கிடையாது, ரீசார்ஜ் தேவையில்லை, அப்பா எந்த ஊரில் இருந்தாலும் சீட்டு அவர் பிள்ளை வசிக்கும் வீட்டுக்கே போகும். அதன் குறையும் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆண்டு இறுதியில் ஒரு பையனின் கிழிந்த பையை மாற்றிக் கொடுக்கும்போது, அடியில் நான் எழுதிய மூன்று சீட்டுகள், நான் மடித்த நான்கு மடிப்புக் கலையாமல், சாம்பார்க் கறையோடு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். அவற்றில் ஒன்று அவனுடைய கண் பரிசோதனை பற்றியது. ஆறு வயதுப் பிள்ளையைத் தபால்காரராக நம்பியது என் பிழையே தவிர, அவன் பிழை அன்று.

ஆனால் அதற்காகச் சீட்டை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. நான் அதுவரை அலுவலகக் கடிதத்தின் நடையில், நெருக்கமான எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார் என்று வைத்துக்கொண்டு எழுதியது அது. பல வீடுகளில் அப்படி ஒருவர் பகலில் இருப்பதில்லை; இருக்கிற அப்பாயிக்கும் தாத்தாவுக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் வீட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை இருக்கிறது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்பதற்காக 2022-23 கல்வியாண்டில் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில் நாங்கள் நாள்தோறும் செய்வதும் அந்தப் பயிற்சியைத்தான். ஆகவே இப்போது சீட்டைப் பெரிய எழுத்தில், ஐந்தாறு சொற்களுக்கு மிகாத வாக்கியங்களில் எழுதுகிறோம்: “நாளை மாத்திரை கொடுப்பார்கள். காலையில் சாப்பிட்டு வரவும். காய்ச்சல் இருந்தால் டீச்சரிடம் சொல்லவும்.” வகுப்பிலேயே எல்லோரும் அதை ஒருமுறை உரக்கப் படிக்கிறார்கள், வீட்டில் போய்ப் பெரியவருக்குப் படித்துக் காட்டுவதே அன்றைய வீட்டுப்பாடம். கேட்டவர் ஓரத்தில் கையெழுத்தோ ஒரு கோடோ போட்டு அனுப்புகிறார். திரும்பி வராத சீட்டு யாருடையது என்று மறுநாள் காலையில் தெரிந்துவிடுவதால், யாருக்குச் சேதி சேரவில்லை என்பதும் தெரிந்துவிடுகிறது. வேறு எந்த வழியிலும் இந்த விவரம் இவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை. அதே வேளையில், ஒரு நாள் முன்னதாகவே தெரிந்த சேதிக்குத்தான் சீட்டு உதவும். விடிகாலை மழைக்கு அது எந்த வகையிலும் பயன்படாது.

அடுத்தது வாட்ஸ்அப் குழு. பெரும்பாலான பள்ளிகள் இன்று நம்பியிருப்பது இதைத்தான் என்பதால், இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இதன் நன்மைகளை யாரும் மறுக்க முடியாது. ஒரே நிமிடத்தில் எல்லோருக்கும் போகிறது, படம் அனுப்பலாம், வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா, தன் மகள் சுதந்திர தினத்தில் பேசியதைப் பார்த்துவிட்டு இரவில் அழைத்து நன்றி சொன்னதுண்டு. அந்த மகிழ்ச்சியைச் சிறியதாக நான் நினைக்கவில்லை.

இருந்தும் முதன்மை வழியாக அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே என் முடிவு. கைப்பேசி யாரிடம் இருக்கிறதோ அவரும், பிள்ளையை யார் அனுப்புகிறாரோ அவரும் ஒருவரல்லர் என்பதை மழை நாள் காட்டிவிட்டது. அடுத்து, நெட் பேக் தீர்ந்துபோன குடும்பம் மாதத்தில் சில நாட்கள் குழுவில் இருந்தும் இல்லாததுபோலத்தான். அந்த நாட்கள் எவை என்று பள்ளிக்குத் தெரியாது. மூன்றாவதாக, எல்லோரும் எழுதலாம் என்று விட்டிருந்த காலத்தில், காலை வணக்கப் படங்களுக்கும் வாழைத்தார் விற்பனைக்கும் நடுவில் பள்ளிச் சேதி புதைந்து போனது. போன ஆண்டின் தொலைக்காட்சித் திரையைப் படம் பிடித்து யாரோ போட்ட “நாளை விடுமுறை” என்ற பழைய அறிவிப்பை நம்பி, ஒரு தெருப் பிள்ளைகள் முழுவதும் வராமல் போன நாளும் உண்டு.

இவற்றையெல்லாம் விட என்னை அதிகமாக உறுத்தியது வேறொன்று. குழுவில் சேர்ந்தவர் எவரும் மற்றவர்களின் எண்ணைப் பார்க்க முடியும். பள்ளிக்காகத் தன் எண்ணைக் கொடுத்த இளம் தாய் ஒருவருக்குத் தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரத் தொடங்கி, அவர் வீட்டில் அதனால் பெரிய சண்டையே வந்தது. எங்களை நம்பிக் கொடுத்த எண் அது. அதேபோல், மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடுவதும், “இன்னார் இன்னும் அடையாள அட்டைக்குப் படம் தரவில்லை” என்று பெயர் சொல்லி எழுதுவதும், ஊர் நடுவில் நிறுத்தி வைத்துச் சொல்வதற்குச் சமம். பிள்ளைகளின் படங்களுக்கும் இது பொருந்தும். 18 வயது நிறையாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. சட்டம் சொல்லாவிட்டாலும் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம் அது.

வாட்ஸ்அப்பிலேயே இந்தக் குறைகளைக் குறைக்கும் அமைப்புகள் இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்மின் மட்டும் எழுதும்படி குழுவை மாற்றினால் இரைச்சல் நின்றுவிடும்; எண்கள் மட்டும் தெரிந்துகொண்டேயிருக்கும். பிராட்காஸ்ட் பட்டியலில் ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது, 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் சிறிய பள்ளிக்குத் தாராளமாகப் போதும். ஆனால் பள்ளியின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே சேதி போகும். நாங்கள் அதைச் சோதித்தபோது பலருக்கும் போகாததற்குக் காரணம் இதுதான். இப்போது சேர்க்கை நாளன்றே, பெற்றோர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே, பள்ளியின் எண்ணை அவர்கள் கைப்பேசியில் சேமித்துக் கொடுத்துவிடுகிறோம். எழுத்துக்குப் பதிலாக முப்பது விநாடிக் குரல் பதிவாக அனுப்புகிறோம். எடுத்த எடுப்பில் தேதியையும் கிழமையையும் சொல்லிவிட்டுத்தான் சேதிக்குப் போகிறேன். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். பழைய பதிவு மறுபடி சுற்றினாலும் தேதி அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

குறுஞ்செய்தியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பட்டன் போனுக்கும் போகும், நெட் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறிகளையே கொள்ளும். அதிலும் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும். “நாளை பள்ளி விடுமுறை” என்பது நம் கண்ணுக்கு ஒன்பது எழுத்துகளும் இரண்டு இடைவெளிகளும்; கணக்கில் அது 19 குறிகள். காரணமும் நேரமும் சேர்த்து எழுதினால் ஒரு சேதி இரண்டாகிவிடும். மொத்தமாக அனுப்புவதற்கு அனுப்புநர் பெயரையும் சேதியின் மாதிரி வாசகத்தையும் முன்பே பதிவு செய்து ஒப்புதல் பெற வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. துறையளவில் செய்ய வேண்டிய அந்த வேலை, இரு ஆசிரியர் பள்ளியின் கைக்கு அடங்காது. தவிர, வங்கியும் கடன் விளம்பரமும் நிரப்பிவிட்ட பெட்டியை இன்று யாரும் திறந்து பார்ப்பதில்லை.

பள்ளி வாசலில் உள்ள அறிவிப்புப் பலகைக்கு ஓர் இடம் உண்டு. அது வாடிக்கைச் சேதிகளுக்கு மட்டுமே. எங்கள் ஊரை ஒட்டிய செங்கல் சூளைக்கு வரும் வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் எங்களிடம் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்ப் பலகையும் குரல் பதிவும் ஒன்றுதான். ஆகவே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கடிகாரம், தட்டு, மணி, கதவு என்று வரைந்து, நாளின் வரிசையைப் படமாக்கி ஒட்டினோம். தமிழ்க் குடும்பங்களும் அதையே பார்ப்பதை இப்போது காண்கிறேன்.

கூட்டம் என்பது அரசு நமக்கு எழுதிக் கொடுத்திருக்கும் வழி. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தமிழகத்தில் இக்குழுக்கள் 2022-இலும் 2024-இலும் மறுகட்டமைப்புச் செய்யப்பட்டன. நேருக்கு நேர் உட்கார்ந்து பேசும்போது கிடைப்பது வேறு எதிலும் கிடைக்காது. குடற்புழு மாத்திரை கொடுத்தால் பிள்ளை மயங்கி விழும் என்று பயந்து, அந்த ஒரு நாள் மட்டும் வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட அம்மாக்களை எந்தக் குரல் பதிவாலும் என்னால் அசைக்க முடியவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் கூட்டத்துக்கு வந்து, புழு அதிகமுள்ள பிள்ளைக்குச் சிலபோது குமட்டலும் வயிற்றுவலியும் வந்து தானே போய்விடும் என்பதைப் பொறுமையாகச் சொன்ன பிறகுதான் அவர்கள் மனம் மாறினார்கள்.

ஆனால் கூட்டத்தின் விலை கூலி. பிற்பகல் இரண்டு மணிக்குக் கூட்டம் என்றால் நாற்று நடப் போனவருக்கும் நூறு நாள் வேலைக்குப் போனவருக்கும் அது நடவாத காரியம். வராதவரை அக்கறையில்லாதவர் என்று நானே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இப்போது மாதக் கூட்டத்தைத் தவிர, பருவத்துக்கு ஒருமுறை வேலைத்தளத்துக்கே போகிறோம். மதியச் சோற்றை அவிழ்த்து மரத்தடியில் உட்காரும் அரை மணி நேரத்தில், பத்துப் பதினைந்து அம்மாக்களோடு ஒரே இடத்தில் பேசிவிட முடிகிறது. அங்கே அவர்கள் கேட்கும் கேள்விகள், பள்ளி நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவற்றைவிட நேரானவை.

தொலைபேசி அழைப்புதான் எல்லாவற்றிலும் உறுதியானது; பட்டன் போன் போதும், படிப்பு வேண்டாம், பதிலும் உடனே கிடைக்கும். வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்பதைப் பெற்றோர் மாலையில் தெரிந்துகொள்ளும் நிலை எந்தப் பள்ளியிலும் இருக்கக் கூடாது. அதனால் வருகைப் பதிவு முடிந்த கையோடு, சொல்லாமல் வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அழைப்பது என்று வைத்திருக்கிறோம். இதில் பேரம் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் விடுமுறை நாளின் காலையில் இரண்டு ஆசிரியர்கள் எல்லாக் குடும்பங்களையும் ஒரு மணி நேரத்துக்குள் அழைத்து முடிக்க முடியாது.

அந்த இடைவெளியை நிரப்பக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர், பழையபடி தண்டோரா போடலாமே என்றார். தண்டோரா போடும் வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி வைத்திருந்த வழக்கம் அது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே அதை நிறுத்தும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியதும் அதனால்தான். பள்ளிச் சேதிக்காக அது ஒருபோதும் திரும்பக் கூடாது என்று நாங்கள் தெளிவாகச் சொன்னோம். பதிலாகத் தெருவுக்கு ஓர் அம்மா என்ற ஏற்பாட்டைச் செய்தோம். விடுமுறை தெரிந்தவுடன் நான் ஏழு பேரை அழைக்கிறேன். அவர்கள் தத்தம் தெருவில் பள்ளிப் பிள்ளை இருக்கும் வீடுகளைத் தட்டிச் சொல்கிறார்கள். எல்லாத் தெருவுக்கும் அந்தந்தத் தெருவிலேயே ஓர் அம்மா இருக்க வேண்டும், காலனியின் அம்மாவை முதலில் அழைக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தோம். ஊரின் வழக்கப்படி விட்டால் சேதி கடைசியாகப் போய்ச் சேரும் இடம் எதுவென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆக, எங்கள் முடிவு இப்படி அமைந்தது. வாடிக்கைகளை ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஜூன் மாதத்தில் ஒவ்வொரு வீட்டிலும் சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டுகிறோம்; அடியில் பள்ளியின் எண்ணோடு, கல்வித் துறையின் 14417, சிறார் உதவிக்கான 1098 ஆகியவையும் இருக்கின்றன. முன்கூட்டியே தெரிந்த சேதிக்குச் சீட்டு. விடிகாலைச் சேதிக்குத் தெரு அம்மாக்கள். தனிப்பட்ட பிள்ளையைப் பற்றியதற்கு அழைப்பு அல்லது நேர்ப்பேச்சு. வாட்ஸ்அப் குரல் பதிவு இவற்றோடு சேர்ந்து போகிறது. அது மட்டும் போய்விட்டால் வேலை முடிந்தது என்று இப்போது நாங்கள் கருதுவதில்லை.

சேர்க்கைப் படிவத்தோடு ஒரு தனி நோட்டும் வைத்திருக்கிறோம். எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் இணையவழி மாணவர் விவரப் பதிவுக்குத் தரும் எண் யாருடையதாக இருந்தாலும், “காலையில் பிள்ளையைக் கிளப்பி அனுப்புவது யார்? அவரை எந்த எண்ணில் பிடிக்கலாம்?” என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அதில் கேட்டு எழுதிக்கொள்கிறோம். ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் அந்த எண்களை ஒருமுறை அழைத்துச் சரிபார்க்கிறோம், ஏனெனில் சிம் மாறுகிறது, அம்மா வேலைக்குப் போய் அத்தை வந்துவிடுகிறார். கொங்காணி போட்டுக்கொண்டு நின்ற பிள்ளையின் வரிசையில், அப்பாயியின் எண்ணுக்குக் கீழே பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் எண்ணும் இருக்கிறது.

வயலுக்குள் கொட்டகை போட்டுக் குடியிருக்கும் மூன்று வீடுகளுக்கு மட்டும் எந்தத் தெரு அம்மாவும் போய்ச் சேர முடியவில்லை. அந்தப் பக்கம் தினமும் விடிகாலை ஐந்தரைக்குப் பால் எடுக்கப் போகும் சொசைட்டிக்காரரிடம் கேட்டிருந்தோம். முந்திய இரவே தெரியும் விடுமுறை என்றால் தாமே சொல்லிவிடுவதாகவும், அதன் பிறகு தெரிந்தால் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்திச் சொல்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் எண்ணையும் நோட்டில் எழுதிவிட்டோம்.